கொற்றன் உண்ணாத முதற்சோறு

இல்லை, மூத்தவரே. தங்கள் நாட்டு விதையில் விளைந்த நெல்லில் பூச்சி இல்லை, பதர் இல்லை, நஞ்சும் இல்லை. தங்கள் தூதர் இன்று காலை எம் அவையில் நின்று மீண்டும் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. உண்பதற்கு நெல் இருக்க அதை உண்ணாமல் மடியும் மக்களைத் தாம் எந்த நாட்டிலும் கண்டதில்லை என்றும், கூடல்நாட்டு வேந்தரை அவமதிப்பதற்காகவே மலைநாட்டார் இப்படிச் சாகிறார்களோ என்று ஐயுறுவதாகவும் அவர் சொன்னார். அவையில் ஒருவர் சிரித்துவிட்டார். செத்துக் காட்டி ஒருவரைத் திட்டும் அளவுக்கு எம் மக்களுக்கு ஓய்வு ஏது என்று அவர் முணுமுணுத்தது தூதரின் காதிலும் விழுந்தது. அந்தச் சிரிப்புக்காக யாம் வருந்துகிறோம். ஆயினும் வாயால் விடை சொல்லாமல் எழுத்தாணியை எடுத்தோம். வாயால் சொன்னதை வழிநெடுக மென்மையாக்கிக்கொண்டே போவது தூதர்களின் தொழில். ஓலையில் கீறியதை அப்படிச் செய்ய முடியாது.

முறைப்படி முதலில் வரவேண்டியது இப்போது வருகிறது.

முகில் வந்து தங்கும் முடிகளுக்கும், அவற்றின் இடையே கிடக்கும் பள்ளத்தாக்குகளுக்கும், இரு நாடுகளுக்கு நடுவே நிற்கும் பனிக்கணவாய்க்கும் காவல் பூண்ட வான்குடி மலைநாட்டு அரசி செங்காந்தள், கடலும் ஆறும் கலக்குமிடத்தில் மண்ணைப் பொன்னாக்கியவரும், மதகுகளின் தலைவரும், எம்மை ஓலைதோறும் இளையாளே என்று அழைப்பவருமான கூடல்நாட்டு ஆழிக்கோ நீலவேந்தர் அவர்களுக்கு எழுதும் ஓலை. தங்கள் ஆறுகள் கரைக்குள் நடக்க. தங்கள் களங்களில் நெற்போர் உயர்க. தங்கள் அரண்மனைக் குழந்தைகளுள் எதுவும் பசியால் விழித்தெழாதிருக்க. இந்த மூன்றாம் வாழ்த்தை எம் முன்னோர் எவரும் ஓலையில் எழுதியதில்லை; இவ்வாண்டு யாம் சேர்த்தோம்.

நம் இரு நாடுகளும் செய்துகொண்ட வேளாண் உடன்படிக்கையைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மலைநாடு தேனும் கம்பளியும் தேக்கும் தரும், கணவாயில் தங்கள் வணிகருக்குக் காவல் தரும்; கூடல்நாடு நெல் விதையும் அதை விளைவிக்கும் அறிவும் தரும் என்பது அதன் சாரம். அந்த அறிவைக் கொண்டுவந்தவராகத் தங்கள் கழனி அதிகாரி கொற்றன் எம் மூங்கிலடிப் பள்ளத்தாக்கிற்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே சரிவில் கால் வழுக்கி இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டார். அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்முதல்வி எல்லி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஐயா நெல்லை நட வந்தாரா, தம்மையே நட வந்தாரா என்று அவள் ஊரார் கேட்க வினவினாள். இரண்டில் எது வேர் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம், இப்போது கை கொடுத்து இழுங்கள் அம்மா என்று அவர் சேற்றிலிருந்தபடியே சொன்னாராம். இதை எமக்குச் சொன்னவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அன்று அவர்களுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

முதல் ஆண்டு நெல் பொய்த்தது. கதிர் வெளிவந்த வாரத்தில் பனி இறங்கியது; மணியெல்லாம் வெறும் வெள்ளை உமியாக நின்றது. கொற்றன் வெட்கத்தால் குடிசைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். எல்லி கதவைக் கழற்றிவிட்டு, அவரைக் கையைப் பிடித்து வயலுக்கு இழுத்துப்போய், பெரும்பாறை ஒன்றை ஒட்டி நின்ற ஒரு வரிசைப் பயிரைக் காட்டினாள். அந்த ஒரு வரிசை மட்டும் பால் பிடித்து, முற்றி, தலை சாய்ந்திருந்தது. பாறையடி மண்ணில் உரம் மிகுதி என்றார் அவர். மண்ணாவது உரமாவது, பாறையின் சூடுதான் காரணம் என்றாள் அவள். அந்தி சாயும்வரை இருவரும் அங்கேயே நின்று சண்டையிட்டார்கள். கடைசியில், பேசியது போதும், முதுகைப் பாறையில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாயை மூடும் என்று அவள் சொல்ல, அவர் அப்படியே செய்தார். வெயில் போன பின்னும் அந்தக் கல் வெதுவெதுப்பாக இருந்ததை அவர் முதுகு அவருக்குச் சொன்னது.

மறு ஆண்டு வயலைச் சுற்றி இடுப்புயரக் கற்சுவர்கள் எழுந்தன. அது எல்லியின் பங்கு. மலைநீர் நேரே வயலுக்குள் பாயாமல், அகன்ற ஆழமற்ற வாய்க்கால் ஒன்றில் வெயிலில் சுற்றிச் சுற்றி நடந்து, குளிர் தணிந்த பிறகே பயிரைத் தொடும்படி கொற்றன் வழி வகுத்தார். அது தங்கள் நாட்டு அறிவு. பாறையடியில் பிழைத்த அந்தச் சில கதிர்களையே விதையாக்கினார்கள். தாங்கள் வண்டிகளில் அனுப்பிய விதை எம் மலையில் வாழவில்லை, மூத்தவரே. இருவர் சண்டையிட்டுக் கண்டெடுத்த விதைதான் வாழ்ந்தது. அந்தச் சண்டைக்கு உடன்படிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

கொற்றன் எல்லியின் வீட்டிலேயே உண்டார். அவள் கணவன் பொறையனுக்கும் அவருக்கும் மோரில் எவ்வளவு உப்பு இடவேண்டும் என்பதில் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. ஊரில் விட்டுவந்த தம் மனைவி வெண்ணியைப் பற்றி அவர் பேசாத நாளில்லை என்பதால், பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். எல்லி அவளுக்கு ஒரு கம்பளி நெய்து அனுப்பினாள். வெண்ணி பதிலுக்கு ஒரு கட்டுக் கருவாடு அனுப்பினாள். கருவாட்டைக் கண்டறியாத எம் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடினார்கள். எல்லி மட்டும், வந்த சீரை ஒதுக்கி வைப்பது மரியாதையில்லை என்று, அதைத் தன் வாசலிலேயே தொங்கவிட்டிருந்தாள். வெயிற்காலம் முழுதும் அந்த வீட்டிற்குப் பூனைகள் காவல் இருந்தன.

மூன்றாம் ஆண்டில்தான் பள்ளத்தாக்கு முழுவதும் விதைக்கும் அளவுக்கு விதை சேர்ந்தது. அதைக் கொற்றன் தம் கையால் அள்ளி, ஊர் பார்க்க, எல்லியின் இரு கைகளிலும் சொரிந்தார். அவள் ஏற்றாள். இங்குதான் தங்கள் தூதரின் கேள்விக்கு விடை தொடங்குகிறது.

எம் பாட்டனார் காலத்தில் ஒரு பெரும் வறட்சியின்போது மேற்கே உள்ள ஓர் அரசு எமக்குத் தினை விதை கொடுத்தது. அன்போடுதான் கொடுத்தது, மாலையிட்டுக் கொடுத்தது. சில விளைச்சல்கள் கழிந்து வேறொரு அதிகாரி வந்தார். விதை எங்களுடையது, ஆகவே விளைந்ததும் எங்களுடையது என்றார். களஞ்சியக் கதவுகளில் அவர் அரசின் முத்திரை விழுந்தது. விளைந்ததை ஏற்கெனவே உண்டுவிட்டவர்களிடம், உண்டதற்கு ஈடாகப் பிள்ளைகளைக் கேட்டார்கள். கொண்டும் போனார்கள். அவர்களில் எவரும் திரும்பியதில்லை.

அதன் பிறகு எம் மக்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதற்குக் கையுண்ணல் என்று பெயர். வெளியார் தந்த விதை முதன்முதலாக விளையும்போது, விதையைத் தந்த கை எதுவோ அதே கை, பெற்றவரின் பானையிலிருந்து, பெற்றவரின் உப்போடு, முதற்சோற்றை உண்ணவேண்டும். உண்டபின் கொடுத்தவருக்கு அந்த விதைமேல் உரிமை இல்லை. அவர் உறவாகிவிட்டார், உறவு ஈடு கேட்காது. உண்ணாதவரை அந்த நெல் அயலாருடையது. அதை அறுப்பதும் உண்பதும், பிள்ளையை அடகு வைப்பதும் ஒன்று. இதில் நாடுகளுக்கு இடமில்லை. நாடு உண்ணாது, அதற்கு வாய் இல்லை. தங்கள் நாட்டில் ஓலையும் முத்திரையும் செய்யும் வேலையை எம் மலையில் ஒரு மனிதனின் வாய் செய்கிறது. எம் பட்டறிவில் அதுவே நம்பத்தகுந்ததாக இருந்திருக்கிறது.

கதிர் பால் பிடித்திருந்த வேளையில் தங்கள் அழைப்பு வந்தது. அதிகாரி எவரும் அயல்மண்ணில் நெடுநாள் தங்கலாகாது என்பது தங்கள் விதி என்றார்கள். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. தங்கள் கண்காணிகள் வந்து பார்த்துச் சென்று, கொற்றன் மலைநாட்டார் பானையில் உண்கிறார், அவர்கள் கம்பளியை உடுத்துகிறார், நம்மிடம் பேசும்போது அவர்களை நாங்கள் என்கிறார், இவர் யாருடைய ஆள் என்று தெரியவில்லை என்று தங்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் மெய்தான். அந்தப் பானையில் உண்ணாமல், அந்தக் கம்பளியை உடுத்தாமல், எவரும் அங்கே ஒரு பிடி நெல்லும் விளைவித்திருக்க முடியாது என்பதை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை.

கொற்றன் கீழ்ப்படிந்தார். போகும் வழியில் எம் அவைக்கு வந்து, அறுவடைவரை தமக்குத் தவணை வாங்கித் தருமாறு வேண்டினார். யாம் அன்றே தங்களுக்கு எழுதினோம். உடன்படிக்கை நாடுகளுக்கு இடையே ஆனது, ஆட்களுக்கு இடையே ஆனதன்று. ஆள் மாறலாம், விதை ஒன்றே, இளையாள் கலங்கவேண்டாம் என்று தாங்கள் பதில் தந்தீர்கள். அந்தப் பதில் வந்தபோது அவர் கணவாயைக் கடந்துவிட்டிருந்தார். அறுப்புக்கு வந்துவிடுவேன், மோரில் உப்பைக் குறைத்து வையுங்கள் என்று பொறையனிடம் அவர் சொல்லிப்போனது மட்டும் பள்ளத்தாக்கில் இருந்தது.

அவருக்குப் பதிலாகத் தாங்கள் அனுப்பிய அதிகாரி இளநாகரைப் பற்றித் தீயதாக எழுத எம் கை வராது. அவர் நல்லவர். கொற்றன் கொண்டுவராத இரும்பு ஏர்க்கொழுக்களையும் உழவு எருதுகளையும் தச்சர்களையும் கொண்டுவந்தார். எலி ஏறமுடியாத களஞ்சியம் ஒன்றைக் கட்டினார். நெல் முற்றியது. எவரும் அரிவாளை எடுக்கவில்லை. காரணம் கேட்டபோது எல்லி வழக்கத்தை விளக்கினாள். அப்படியாயின் கொற்றனுக்குப் பதிலாகத் தாமே உண்பதாகவும், இருவரும் ஒரே வேந்தரின் ஊழியர் என்பதால் இரண்டும் ஒன்றே என்றும் இளநாகர் மனமாரச் சொன்னார். கொடுத்தது ஒரு கை, உண்பது இன்னொரு வாய் என்றால், நாளை மூன்றாவதாக ஒரு வாய் வந்து கேட்கும்போது நான் எந்தக் கையைக் காட்டுவேன் என்று அவள் கேட்டாள். அவள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். கொற்றன் வருவார், பொறுங்கள் ஐயா என்றாள்.

மழை திரண்டது. நெல் உதிரத் தொடங்கியது. கண்ணெதிரே ஓர் ஊரின் உணவு சேற்றில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த உழவர் மகனால் முடியும்? இளநாகர் உழவர் மகன். தம் ஆட்களை வயலில் இறக்கி, நெல் முழுவதையும் அறுத்து, அடித்து, தூற்றி, களஞ்சியத்தில் சேர்த்தார். வீடுதோறும் அளந்து கொடுக்கும்வரை களவு போகாதிருக்க வேண்டும் என்று, கதவில் அரக்கு இட்டு, கூடல்நாட்டின் மீன் முத்திரையைப் பதித்தார்.

அந்தக் கதவின் முன் எம் மக்கள் வந்து நின்றதையும், முத்திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதையும் அவரே எமக்குச் சொன்னார். அவர்கள் உண்ணப் போகிறார்கள் என்று அவர் எண்ணினாராம். அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மறுநாள் பள்ளத்தாக்கில் புகை எழவில்லை. எல்லியின் வாசலில் அந்தக் கருவாட்டுக் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர்கள் பனிக்கணவாய்க்கு மேலே உள்ள குகைகளில் இருக்கிறார்கள். அது மனிதர் இருக்கும் இடமன்று. தினைக் கொல்லைகளைத்தான் கல் சுவர் எழுப்பி நெல்வயலாக்கிவிட்டார்களே. ஆகவே தின்பதற்குக் காட்டுக் கிழங்கைத் தவிர எதுவும் இல்லை. கசப்பு நீங்க அதை வேகவைக்க வேண்டும். வேகவைக்க விறகு வேண்டும். அந்த உயரத்தில் மரம் இல்லை. முதலில் கைக்குழந்தைகள் போயின. பிறகு, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் உண்ணாதிருந்தவர்கள். பொறையன் அவர்களில் ஒருவன். புதைக்க மண் இல்லாததால் கல்லை அடுக்குகிறார்கள். வயலைச் சுற்றிச் சுவர் எழுப்பப் பழகிய கைகள் என்பதால், அந்தக் குவியல்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று எம் படைத்தலைவர் வந்து சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

எம் அரண்மனைக் களஞ்சியத்தில் இருந்த தினை முழுவதையும் அனுப்பிவிட்டோம். அதை வாங்கிக்கொண்டார்கள், அது எம் கையிலிருந்து போனது. ஆனால் அது தீர்ந்துவிட்டது. படையை அனுப்பி அவர்களை இறக்கி நெல்லை ஊட்டுங்கள் என்கிறார் தங்கள் தூதர். எம் பாட்டனார் காலத்திலும் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்க அரண்மனைப் படைதான் போயிற்று. மீண்டும் ஒருமுறை அவர்கள் எம் படையைக் கண்டால் அடுத்த மலைக்கு ஓடுவார்கள். அடுத்த மலையில் குகையும் இல்லை.

இளநாகர் அந்த முத்திரையைத் தம் கையாலேயே உடைத்தார். நெல் மூட்டைகளைத் தம் ஆட்களின் முதுகிலும் தம் முதுகிலும் ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறினார். குகை வாயில்களில் வைத்து, தரையில் விழுந்து வேண்டினார். எல்லி அவரைத் தூக்கி உட்கார வைத்து, கிழங்கு வெந்த நீரைக் குடிக்கக் கொடுத்தாளாம். தமக்கு அவர்மேல் கோபமில்லை என்றும், அவர் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், பிள்ளைகள் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாளாம். அவரால் எடுத்துப்போக முடியவில்லை. அங்கேயே காய்ச்சலில் விழுந்தவர் இப்போது எம் அரண்மனையில் படுத்திருக்கிறார். மூட்டைகள் மழையில் நனைந்தன. இப்போது சாக்குக் கண்ணி வழியே முளைவிட்டு, பச்சையாகத் தலையாட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கல் குவியல்களுக்கு நடுவே வேறு பச்சை இல்லை.

தங்கள் பதிலில் இருந்த சொல்லை இப்போது திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள் மாறலாம், விதை ஒன்றே என்றீர்கள். விதை ஒன்றேதான். அது மூட்டையில் இருக்கிறது.

எல்லி இன்னும் உயிரோடு இருக்கிறாள். பெற்ற கையும் இருக்கவேண்டும் அல்லவா. ஆகவே ஊரார் தங்கள் கிழங்கில் முதற்பங்கை அவளுக்குக் கொடுக்கிறார்கள், அவள் அதை வெறுத்துக்கொண்டே தின்கிறாள். உடைந்த முத்திரையின் நெல் கொஞ்சம் களஞ்சியத்தில் காய்ந்த நிலையில் உள்ளது. ஒரு பானை சோறு. அவள் கையால் ஓர் உப்புக்கல். கொற்றன் வாயில் ஒரு கவளம். அவ்வளவுதான். அன்றே அவர்கள் இறங்கி வருவார்கள், அன்றே உண்பார்கள். அடுத்த மழைக்கு முன் அது நடந்தால் விதைக்கவும் செய்வார்கள். நடக்காவிட்டால் விதைப்பதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

ஆகவே கொற்றனை அனுப்புங்கள் என்று தூதரிடம் கேட்டோம். அவர் தரையைப் பார்த்தார். அந்தப் பொருள் வேந்தரின் விசாரணையில் உள்ளது என்றார். அதற்கு மேல் கேட்டபோது தமக்கு நெல்லைப் பற்றிப் பேச மட்டுமே ஆணை என்றார்.

இனி எழுதுவதை மலைநாட்டு அரசி எழுதவில்லை. நீங்கள் இளையாளே என்று அழைத்த பெண் எழுதுகிறேன்.

உங்கள் உப்பு வணிகர்கள் எங்கள் கணவாய் வழியாகத்தான் போகிறார்கள். ஆற்றுமுகக் கோட்டையில் ஒருவரை அடைத்து வைத்திருப்பதாகவும், மலைக்கம்பளி போர்த்திய ஒரு பெண் நாள்தோறும் அங்கே சோறு கொண்டுபோவதாகவும் முன்பு சொன்னார்கள். அந்தக் கம்பளி எந்தத் தறியில் நெய்தது என்று எனக்குத் தெரியும். போன வாரம் வந்த வணிகர், அந்தப் பெண் இப்போது அவ்வழியே போவதில்லை என்றார். அவர் வேறொன்றும் அறியார். நானும் அவரை வற்புறுத்தவில்லை. இதை எல்லிக்குச் சொல்லி அனுப்பவுமில்லை.

எங்கள் வழக்கத்தில் கணவனும் மனைவியும் ஒரே கை. கொற்றன் வர இயலாது என்றால் வெண்ணி வந்து உண்ணலாம். எல்லி அதை ஏற்பாள். ஆனால் கணவன் உயிரோடு இருக்கும்வரை அவனே வரவேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் உள்ளது. எனவே நீங்கள் எனக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. யார் குற்றம், எந்த விதி, எந்தக் கண்காணி என்று எதையும் நான் கேட்கமாட்டேன். கேட்பதற்கு நேரமும் இல்லை. கணவாயில் இருப்பவர்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறி வருவது அவரா, தனியே ஒரு பெண்ணா என்பதை அவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வோலையைக் கொண்டுசெல்பவரை வழியில் எவரும் நிறுத்தலாகாது, சுங்கம் கேட்கலாகாது, இரவில் தங்கச் சொல்லலாகாது. இது கணவாய்க் காவலர்க்கும் படகோட்டிகளுக்கும் மலைநாட்டின் ஆணை. இதில் அரக்கு முத்திரை இல்லை. முத்திரையைக் கண்டால் அஞ்சும் மக்களுக்காக எழுதிய ஓலைக்கு அதை இட மனம் வரவில்லை. அதற்குப் பதில், கணவாயில் முளைத்த மூட்டையிலிருந்து பிடுங்கிய ஒரு நாற்றைச் சுவடிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். உங்களிடம் வரும்போது வாடியிருக்கும். அது உங்கள் நாட்டுப் பயிர்தான், அண்ணா; கொற்றன் கையால் கொடுத்தது.

அவரை அனுப்புங்கள். இல்லையென்றால், அவளை.